உலைக்கு அரை ஜெபம்

கரிக்குள்ளே கிடந்த உருக்குக்கட்டி செர்ரிப் பழத்தின் நிறத்துக்கு வந்ததும் அன்செல்ம் எண்ணத் தொடங்கினான். அருள் நிறைந்த மரியே வாழ்க, ஒன்று. அறுபது எண்ண வேண்டும். வால்மோர் நகரத்து நாணயச்சாலையில் மணிக்கூண்டை நம்பி யாரும் அச்சுக்குப் பதம் வைப்பதில்லை. அந்த மணி குடிகாரன் மாதிரி தன் இஷ்டத்துக்கு அடிக்கும். இங்கே ஜெபம்தான் கடிகாரம். அறுபது மரியே முடிந்த கையோடு இடுக்கியால் தூக்கித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினால் அச்சு கெட்டிப்படும், அப்புறம் அதன்மேல் வெள்ளியை வைத்து எத்தனை முறை சம்மட்டியால் போட்டாலும் அசையாது. ஐம்பதிலேயே எடுத்தால் பதம் பற்றாது, நாலு அடியில் முகமெல்லாம் நசுங்கிப்போகும். எழுபதுக்குப் போனாலோ தண்ணீர் பட்டதும் பட்டென்று விரிசல். இரண்டு, மூன்று. ஏழு வாரம் குனிந்து குனிந்து செதுக்கிய அச்சு அது. கழுத்து எலும்பு இன்னும் வலிக்கிறது, கண்ணில் தண்ணீர் வடிகிறது, போகட்டும், வலி என்ன பெரிய வலி. நாணயச்சாலைத் தலைவர் கிஷார் போன வாரம் வந்து தோளில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார் பாருங்கள், அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "உம்ம தங்கச்சி அந்தப் பக்கம் போனவன்னு ஊருக்கே தெரியும், அன்செல்ம். நகரசபையில ஒரு பட்டியல் இருக்கு. அதுல உம்ம பேரும் இருக்கு. நகரசபை கேட்ட இந்தப் பதக்கம் நல்லபடியா வந்துட்டா நானே உம்ம பேரை அடிச்சிடுறேன். விரிசல் கிரிசல்னு ஏதாவது ஆச்சுன்னா, வேணும்னே செஞ்சான்னுதான் சொல்லுவாங்க, நான் என்ன செய்ய முடியும்?" சொல்லும்போது தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார், மாட்டைத் தட்டுவது போல. பட்டியலில் பெயர் இருந்தவர்களில் இரண்டு பேரை அதற்கு முந்தின வாரம்தான் ஆற்றில் தள்ளக் கூட்டிப் போயிருந்தார்கள்.

ஒன்பது. பத்து. துருத்தி மிதிக்கிறவன் மத்தூரேன், பெரிய உடம்புக்காரன், சம்மட்டியும் அவன்தான் பிடிப்பான். தொப்பியில் இன்னும் அந்த வெள்ளைத் துணிச்சிலுவையைக் குத்திக்கொண்டு திரிகிறான். பாப்பரசரை ஏற்காத சீர்திருத்தச் சபைக்காரர்கள்மேல் ஆகஸ்டில் பாரிஸில் தொடங்கிய வெட்டும் குத்தும் மூன்று வாரம் கழித்து வால்மோருக்கு வந்தபோது கத்தோலிக்கன் என்று அடையாளம் காட்டக் குத்திக்கொண்டது அது. இப்போது நவம்பர். எல்லோரும் எடுத்துவிட்டார்கள், இவன் எடுக்கவில்லை, அழுக்கேறிப் பழுப்பாகிவிட்டது. பதினொன்று. அன்செல்மும் அன்று ஒரு சிலுவை தைத்துக்கொண்டான், பொய் சொல்வானேன். மனைவி கொலெத் தன் பழைய உள்பாவாடையைக் கிழித்துத் தைத்துக் கொடுத்தாள், தைக்கும்போது இரண்டு தரம் விரலில் குத்திக்கொண்டாள், அந்த ரத்தப் பொட்டோடுதான் அவன் அதைத் தொப்பியில் வைத்திருந்தான். தைப்பதென்றால் தங்கை பெரின் தைக்க வேண்டும். ஊசி எங்கே நுழைந்தது எங்கே வெளியே வந்தது என்று தெரியாது. பதின்மூன்று, இல்லை, பன்னிரண்டு. பெரினை நினைக்கக் கூடாது. உலை எரியும்போது உலையைத்தான் நினைக்க வேண்டும். உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே. பன்னிரண்டு. அதோடு நிறுத்து, மறுபடி தொடங்கு. உலையடியில் ஜெபம் அவ்வளவுதான், பாதி ஜெபம். அப்பா சிறுவனாக இருந்த காலத்தில் முழு ஜெபமே அந்த அளவுதான் இருந்தது; 'பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும்' என்ற பகுதி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கோயிலில் அதைச் சொல்வார்கள். உலையில் சொன்னால் நேரம் இரட்டிப்பாகி அச்சு வெந்து போகும். அதனால் அச்சுவெட்டிகள் வீட்டில் மட்டும் இயேசு என்ற பெயரோடு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். பெரினுக்கு அப்போது ஏழு வயது. கோயிலில் கேட்டுவிட்டு வந்த நீட்டு ஜெபத்தை உலையடியில் சொன்னாள். அப்பாவுக்கு ஒரு அச்சு போச்சு. அதன் பிறகு அவள் எண்ணும் நாளெல்லாம் அன்செல்ம் பக்கத்தில் நின்றான், இயேசுவைத் தாண்டினால் நறுக்கென்று ஒரு கிள்ளு. "நெருப்பு உனக்காகக் காத்திருக்காதுடி." கிள்ளிக் கிள்ளியே பழக்கினான். ஒரு மாதத்தில் அவள் வாய் தானாகவே அங்கே நிற்கக் கற்றுக்கொண்டது.

இருபது. இருபத்தொன்று. உருக்கு பழுத்துக் கிடக்கிறது, முகங்கள் கீழ்ப்பக்கம், கரியைப் பார்த்தபடி. வாளும் சிலுவையும் ஏந்திய, தேவதூதனாகிய சம்மனசு, அதன் காலடியில் விழுந்து கிடக்கிற ஐந்து பேர், சுற்றிலும் லத்தீன் எழுத்து, நகரம் நஞ்சிலிருந்து தப்பியது என்று. அதெல்லாம் நகரசபை சொன்னது. விழுந்து கிடப்பவர்களுக்கு முகம் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா பாவிகள்! நாலு பேருக்கு அவன் முகமே வைக்கவில்லை, முதுகும் தலைமயிரும்தான். ஐந்தாவது ஒரு பெண். அவரை விதை அகலத்துக்கு ஒரு முகம், மேலே தூக்கிய ஒரு கை. மூன்று நாளில் முடித்தான், அந்த மூன்று நாளும் அவன் கை சொன்ன பேச்சைக் கேட்டது, கண் வலிக்கவில்லை, பசிக்கவில்லை, உளி வெண்ணெயில் போவது போலப் போயிற்று. சந்தோஷமாகக்கூட இருந்தான், வெட்கக்கேடு. மெழுகில் அழுத்திப் பார்க்கலாமென்று வீட்டுக்குக் கொண்டுபோனான். கொலெத்தான் முதலில் பார்த்தாள். அடுப்பு வெளிச்சத்தில் மெழுகைத் திருப்பினாள், திருப்பினாள், உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி மனுஷா. இது பெரின்." அவன் இல்லை என்றான். "இடப் புருவத்துல வெட்டு இருக்கு. விரல்ல தொப்பி இருக்கு. நான் என்ன குருடியா?" அவன் பிடுங்கிப் பார்த்தான். இருந்தது. சிறு வயதில் அப்பாவின் உளியிலிருந்து தெறித்த உருக்குச் சிம்பு கிழித்த தழும்பு, புருவத்தை இரண்டாக்கிக்கொண்டு. தூக்கிய கையின் நடுவிரல் நுனியில் ஒரு தடிப்பு, தைக்கும்போது மாட்டுகிற பித்தளைத் தொப்பி. கையுறை தைக்கிறவள் அவள், சந்தைக்குப் போகும்போதுகூட அதைக் கழற்ற மாட்டாள், ஊரே கேலி செய்யும். "தான் ஆடாட்டாலும் தசை ஆடும்னு சொல்லுவாங்க," என்றாள் கொலெத், "உங்களுக்குக் கை ஆடியிருக்கு. நம்ம மூணு பேரையும் கொல்லப் பாத்திருக்கு." மெழுகை அடுப்பில் போட்டாள்.

கை தவறி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அச்சில் வெட்டுவதெல்லாம் மாறிப் பதியும், வலம் இடமாகும், இடம் வலமாகும். தூக்கத்தில் பிசகி வந்திருந்தால் தழும்பு பதக்கத்தில் வலப்புருவத்தில் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? இடப்புருவத்தில், அவள் முகத்தில் இருந்த இடத்திலேயே விழுந்திருக்கிறது. கை மாற்றிப் போட்டு யோசித்து வெட்டியிருக்கிறது, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். இருபத்தாறு. அழித்திருக்கலாமே என்றால், அச்சில் அழிப்பது என்று ஒன்று கிடையாது. பள்ளத்தை யார் நிரப்புவது? இன்னும் ஆழமாகத் தோண்டத்தான் முடியும், தோண்டினால் பதக்கத்தில் முகம் இன்னும் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு காலைப்பொழுது பூராவும் உளியை அந்தப் புருவத்தின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு தட்டு, பதக்கத்தில் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிப் போயிருக்கும், கல்லடி பட்டவள் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். முடியவில்லை. மறுபடியும் அவளை நான் அடிப்பதா என்று தோன்றியது. மறுபடியுமா! அவன் எங்கே அடித்தான்? அவன் ஒன்றுமே செய்யவில்லை. அதுதான், ஒன்றுமே செய்யவில்லை. இருபத்தேழு.

வெட்டு நடந்த அன்று கேட்ட அந்தத் தட்டல் காதில் அப்படியே இருக்கிறது. டிக் டிக், கொஞ்சம் விட்டு, டிக். பித்தளைத் தொப்பியால் மரக்கதவில். சின்ன வயதிலிருந்து அவள் தட்டுகிற விதம் அது, வேறு யாருக்கும் வராது. வெளியே தெருவில் கூச்சல், எங்கோ கண்ணாடி உடைகிறது, ஒரு நாய் விடாமல் குரைக்கிறது. கொலெத் மூலையில் உட்கார்ந்து மகள் ஓதிலின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், பிள்ளையின் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவன் கதவுக்குப் பின்னால் நின்றான். கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது, இரும்பு ஜில்லென்றிருந்தது. டிக் டிக், டிக். "அண்ணா." கத்தக்கூட இல்லை அவள், சாதாரணமாகக் கூப்பிட்டாள், மாவு கடன் வாங்க வந்தவள் மாதிரி. "அண்ணா, நான்தான்." அவள் புருஷன் சீர்திருத்தச் சபைக்காரன், ஹியூகெனாட், அவளும் அவனோடு அந்தச் சபைக்குப் போனவள், கதவைத் திறந்தால் அவளைத் தேடி வருகிறவர்கள் உள்ளேயும் வருவார்கள், பிள்ளை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், இதெல்லாம் நியாயம்தான், எந்தக் குருவானவரிடம் சொன்னாலும் நியாயம் என்றுதான் சொல்வார். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். இதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. மூச்சை ஏன் அடக்கினான்? அவள் என்ன அவனைக் கொல்லவா வந்தாள்? கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் ஒரு நிமிஷம் சும்மா நின்றாள். அவன் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் காலடிச் சத்தம், பாலத்தின் பக்கமாக. முப்பத்தி, முப்பத்தி நாலு. நாலுதான்.

நாலுதானா? நாலு என்றே வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து. நெற்றி வேர்வை கண்ணில் இறங்குகிறது. விரிசல் விட்டால் என்ன என்று ஒரு எண்ணம் எலி மாதிரி எட்டிப் பார்க்கிறது. எழுபது வரை விட்டால் போதும். தண்ணீரில் போட்டதும் பட்டென்று ஒரு சத்தம், அவள் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், ஊரான் ஊரான் கழுத்தில் அவள் தொங்க மாட்டாள். அப்புறம் கிஷார் வருவார், தோளைத் தட்ட மாட்டார். ஓதிலுக்கு ஐந்து வயது, ஆற்றுத் தண்ணீர் இந்த மாதத்தில் எப்படி இருக்கும். சீ. முப்பத்தெட்டு. பெரின் கடைசியில் என்ன ஆனாள் என்று அவன் யாரிடமும் கேட்டதில்லை. பாலம் என்று மட்டும் தெரியும். கேட்டால் அழுகை வரும், அழுதால் பட்டியல். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள், இவன் தன் வாய்க்கே ஒரு மூடி செய்து வைத்திருந்தான். மத்தூரேன் துருத்தியை மிதித்துக்கொண்டே அவனைப் பார்த்தான். காலையிலிருந்தே அப்படித்தான் பார்க்கிறான். நாற்பது. அருள் நிறைந்த மரியே, என்று அன்செல்ம் கொஞ்சம் உரக்கவே சொன்னான், அவன் பேசிவிடக் கூடாது என்று.

"இந்த ஜெபம்தாங்க அவங்களும் சொன்னாங்க," என்றான் மத்தூரேன். துருத்தி நிற்கவில்லை. "உங்க தங்கச்சி. நான் பாலத்துல இருந்தேன் அன்னைக்கு. நான் கை வைக்கலீங்க, மாதா மேல ஆணை, சும்மா நின்னுட்டு இருந்தேன். மரியே சொல்லுடி, விட்டுடுறோம்னாங்க. சொன்னாங்களே! கடகடன்னு, தடங்கல் இல்லாம சொன்னாங்க. அவனுங்களே அசந்துட்டானுங்க. ஆனா இயேசுன்னதும் நிறுத்திட்டாங்க. மீதியச் சொல்லுன்னா, மூச்சு வாங்கிட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க. திரும்ப அங்கேயே நிக்கிறாங்க. மூணு தரம்யா. பயத்துல அவங்களுக்கு அதுக்கு மேல வரலை. மாதாகிட்ட வேண்டிக்க மாட்டேங்கிறா பாரு, நெஞ்சழுத்தக்காரின்னு ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான், தூக்கி ஆத்துல போட்டுட்டானுங்க." துருத்தி இரண்டு முறை பெருமூச்சு விட்டது. "அது உலை ஜெபம்னு எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். டேய், அது நாணயச்சாலை ஜெபம்டா, அப்படித்தாண்டா சொல்லுவாங்கன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரலீங்க. என்னையும் பிடிச்சிருப்பானுங்கல்ல?" தொப்பியைக் கழற்றி அந்தப் பழுப்புச் சிலுவையைப் பார்த்தான், மறுபடி தலையில் வைத்துக்கொண்டான்.

எத்தனை? அன்செல்முக்கு எண் போய்விட்டது. வாய் மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறது, அருள் நிறைந்த, உம்முடைய திருவயிற்றின், எத்தனை, நாற்பத்தொன்றா, ஐம்பத்தொன்றா, மத்தூரேன் பேசிய நேரத்தில் எத்தனை போயிற்று. கிள்ளினானே. மேல்கையில், உள்பக்கம், சதை மெத்தென்றிருக்கும் இடத்தில், நறுக்கென்று கிள்ளுவான், சிவந்துபோகும், அவள் அழ மாட்டாள், நாக்கை நீட்டுவாள். நிறுத்துடி அங்கே. நிறுத்திவிட்டாள். பாலத்தின் மேல், காற்றில், அத்தனை பேர் நடுவில், அவன் கிள்ளிய இடத்தில் நிறுத்திவிட்டு, கெட்டிக்காரி, தப்பில்லாமல் எண்ணுகிறவள், மறுபடி முதலிலிருந்து. கதவைத் திறக்காததற்காவது பிள்ளை இருந்தது, மனைவி இருந்தாள். இதற்கு என்ன காரணம் சொல்வான்? ஒரு அச்சு வெந்துவிடக் கூடாது என்பதற்காக. ஐயோ, பெரின். ஐயோ என் ராசாத்தி. உருக்கின் ஓரம் செர்ரியைத் தாண்டி ஆரஞ்சு தட்டுகிறதா, அல்லது கண்ணீரில் அப்படித் தெரிகிறதா? "ஐயா," என்றான் மத்தூரேன், "நேரம் ஆச்சுங்களா?" அன்செல்ம் இடுக்கியை எடுத்தான். எண்ணாமல், கொள்ளாமல், தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று கட்டியைத் தூக்கித் தொட்டியில் அமுக்கினான். தண்ணீர் கத்தியது. நீராவி முகத்தில் அடித்தது. பட்டென்ற அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான், அது வர வேண்டுமா வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், அன்று கதவுக்குப் பின்னால் பிடித்தது போலவே.

வரவில்லை. கொதிப்பு அடங்கியது. துணியால் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான், ஒரு மயிரிழை விரிசல் கிடையாது. அவன் வாழ்நாளில் வெட்டியதிலேயே நல்ல அச்சு அதுதான். இளஞ்சூட்டில் காட்டி ஆற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கி, அடிமேடையில் பொருத்தி முடிக்கவும் கிஷார் படியேறி வரவும் சரியாக இருந்தது. மத்தூரேன் கையில் எச்சில் துப்பிக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினான். வெள்ளித்தகட்டின் மேல் மூன்று முறை ஓங்கிப் போட்டான். கிஷார் முதல் பதக்கத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். சம்மனசைப் பார்த்தார், தலையாட்டினார். எழுத்தைப் பார்த்தார். அப்புறம் பார்வை கீழே இறங்கியது, அங்கேயே நின்றது. பதக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். அன்செல்ம் மேடையைப் பிடித்துக்கொண்டான். "இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியும்," என்றார் கிஷார் மெதுவாக. "இந்தப் புருவம். விரல்ல இது. எனக்கு ரெண்டு ஜோடி கையுறை தச்சுக் கொடுத்தவ." திரும்பினார். "உம்ம தங்கச்சியில்ல?"

இல்லை என்று சொல்லலாமா? முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்லலாமா? அப்படியானால் இவன் மனசுக்குள்ளே அவளுக்காக அழுதுகொண்டிருக்கிறான் என்று அர்த்தம், சபைக்காரிக்கு நினைவுச்சின்னம் வெட்டினான் என்று அர்த்தம், பட்டியல், ஆறு, ஓதில். கிஷார் கிட்ட வந்தார். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்ததைப் பார்த்தபோதுதான் அன்செல்முக்கு உண்மையிலேயே பயம் வந்தது. "வேணும்னேதான் வச்சீர், இல்லையா? கூடப்பிறந்தவன்னுகூடப் பாக்காம, நம்ம சம்மனசு காலடியில தூக்கிப் போட்டுட்டீர். அடேயப்பா! நகரசபையில இருக்கிறவன் ஒருத்தனுக்கு இந்த நெஞ்சு உண்டா? இனிமே உம்மள யார் என்ன சொல்லிடுவான்? சொல்லும்யா, வேணும்னேதானே?" தாழ்ப்பாளின் ஜில்லிப்பு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. "ஆமாங்க ஐயா," என்றான் அன்செல்ம், "வேணும்னேதான்." மத்தூரேன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"நல்லது. அப்ப வழக்கப்படி ஆகட்டும்," என்று கிஷார் தொப்பியைக் கழற்றினார். புது அச்சில் முதல் பதக்கம் விழுந்ததும் அச்சு வெட்டியவன் மரியே சொல்ல வேண்டும், அந்த நாணயச்சாலையில் அது வழக்கம். பதக்கத்தை அன்செல்மின் கையில் கொடுத்தார், சம்மட்டி அடித்த சூடு இன்னும் அதில் இருந்தது. மூன்று பேரும் மண்டியிட்டார்கள். அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே. குரல் தடுமாறவில்லை, ஏழு வயதுக்காரி எண்ணுவது போலக் கடகடவென்று போயிற்று. உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே. நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டான். நாக்கு முதல் வார்த்தைக்குத் திரும்பிப் போகப் பார்த்தது. கிஷார் ஒரு கண்ணைத் திறந்தார். மத்தூரேன் தலை நிமிர்த்தி, சொல்லிடுய்யா, சொல்லிடு, என்பது போல அவனையே பார்த்தான். கைக்குள்ளே பெரினின் தூக்கிய கை உள்ளங்கையில் அழுத்தியது. நல்ல சம்மனசே, யாராவது ஒருவர் என்னைக் கிள்ள மாட்டார்களா என்று நினைத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும் என்பதை ஒரு சொல் விடாமல், நிறுத்தி, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி முடித்தான்.